கட்டையின் கடைசி முனை

ஜப்பானியர் வருமுன் நான் கோலாலம்பூரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் பௌதிக ஆசிரியராக இருந்தேன். சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றவன். பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டைக் கடப்போர் மிதிவண்டியிலிருந்து இறங்கி வணங்கிச் செல்வது வழக்கம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னாளில் என்னைப் பற்றிப் பரவிய ஒரு பேச்சை எடைபோட இது தேவைப்படும்.

ஆக்கிரமிப்பின் இரண்டாம் ஆண்டில் பள்ளியில் எனக்கு வேலை இல்லை. நிலக்கரி கிடைக்காமல் ரயில் எஞ்சின்களுக்கு விறகு எரித்தார்கள். அந்த விறகுக் கிடங்கில் எழுத்தராக அமர்ந்தேன். கிடங்குக்கு விறகு கொண்டுவரும் வண்டிக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். அவருடைய இரண்டு மாடுகளில் ஒன்றை ராணுவம் ஓட்டிக்கொண்டு போய்விட்டது. எஞ்சிய ஒற்றை மாட்டை நம்பித்தான் அவர் வீட்டில் ஆறு பேருக்கு மரவள்ளிக்கிழங்கு வெந்தது.

ஒரு பிற்பகல், மழை விட்ட கையோடு, ரப்பர்க் கட்டை ஏற்றி வந்த அந்த வண்டியின் சக்கரம் ஒன்று எங்கள் தெருவோரக் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. வண்டி சரிந்ததில் நுகத்தடி மாட்டின் கழுத்தைக் கால்வாய்க் கரையோடு சேர்த்து அழுத்திற்று. வண்டிக்காரர் கயிற்றை அறுத்துப் பார்த்தார், பாரம் விலகவில்லை. மாடு நாக்கைத் தள்ளிவிட்டது.

“அண்ணே, யாராச்சும் வாங்கண்ணே! கழுத்து நெரியுது!” என்று வண்டிக்காரர் அலறினார்.

ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். எல்லோரும் ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்குகிறவர்கள். மேலிருந்த கட்டைகளை உருட்டித் தள்ளிவிட்டு, சக்கரத்தைக் கைகளால் தூக்க முயன்றார்கள். ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் முக்கினார்கள். பாட்டு நன்றாக இருந்தது. வண்டி அசையவில்லை.

கிடங்கிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த நான் தலையிட்டேன். பன்னிரண்டடி மரம் ஒன்றை அச்சுக்கடியில் நுழைக்கச் சொன்னேன். பாரத்திலிருந்து இரண்டடியில் தாங்குகட்டை. அங்கிருந்து நம் கைகளுக்குப் பத்தடி. அப்படி வைத்தால் ஒருவன் ஐவருக்குச் சமம். பாரம் ஓரடி எழ நம் முனை ஐந்தடி இறங்க வேண்டும். அது ஒன்றே அதற்குக் கொடுக்கும் விலை. இதை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் அளவுகோலை வைத்து நிறுவியவன் நான்.

தாங்குகட்டை சேற்றுக்குள் அமிழ்ந்தது. வகுப்பறை மேசையில் சேறு கிடையாது. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் பிழை இது ஒன்றுதான். எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் தம் கடையின் பெரிய அம்மியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“அரைக்கத்தான் ஒண்ணுமில்லியே சார். இதுக்காச்சும் ஆகட்டும்.”

அம்மி அகலமானது, அமிழாமல் நின்றது. மரத்தின் மறுமுனை என் தலைக்குச் சற்று மேலே உயர்ந்து நின்றது. “எல்லாரும் அந்தக் கோடிக்குப் போங்கள்” என்றேன். ஒருவரும் போகவில்லை. அத்தனை பேரும் அம்மியை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு அமுக்கினார்கள்.

“கோடிக்குப் போ என்றேனே!”

“அங்க போனா நழுவுறான்னு சொல்லுவாங்க சார்.”

“நீ எங்க நின்னாலும் நழுவுற ஆளுதான் லா!” என்றார் பக்கத்திலிருந்தவர். அந்த நிலையிலும் சிரித்தார்கள்.

அவர்கள் தொழிலில் பாரத்தை ஒட்டி நிற்பவனே உழைப்பாளி. தள்ளி நிற்பவன் வேலைக்கள்ளன். அப்படி ஏசி ஏசியே மேஸ்திரிகள் அவர்களைப் பழக்கியிருந்தார்கள். பாரத்தை விட்டு விலகினால் பலம் கூடும் என்று நான் மும்முறை சொன்னேன். மும்முறையும் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார்கள். மாட்டின் கண்கள் செருகத் தொடங்கியிருந்தன. வண்டிக்காரர் அதன் தலையை மடியில் ஏந்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

இனிப் பேசிப் பயனில்லை என்று நானே கடைசி முனைக்குப் போனேன். என்னிடம் எஞ்சியிருந்த ஒரே வெள்ளைக் கோட்டோடு, இரு கைகளாலும் மரத்தைப் பற்றி, கால்களைத் தரையிலிருந்து எடுத்துத் தொங்கினேன். தெருவே பார்த்தது. கிழங்கு தின்று இளைத்த உடம்பு. என்றாலும் வண்டி நான்கு விரற்கடை எழுந்தது.

“எந்திரிக்குது! பாய், நீங்களும் ஓடுங்க!” என்று யாரோ கத்தினார். கடைக்காரர் என் அருகே வந்து தொங்கினார். மரம் எங்கள் மார்பளவுக்கு இறங்கிற்று.

“உடாதீங்க சார்! கழுத்து வருது, உடாதீங்க!”

விடவில்லை. வண்டிக்காரர் மாட்டை இழுத்து வெளியே சாய்த்தார். அது வெகுநேரம் கிடந்து, பிறகு நடுங்கியபடி எழுந்து நின்றது. சில நாட்களில் மீண்டும் விறகு இழுத்தது.

சரக்குக் கொட்டகைக்காரர்கள் இதை வேறு விதமாகச் சொல்லிவந்தார்கள். போர் முடிந்தபின் கிள்ளானில் ஒரு திருமணப் பந்தியில் என் காதுபடவே சொன்னார்கள்: அவர்கள் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, வாத்தியார் மட்டும் தள்ளிப் போய் மரத்தில் ஊஞ்சலாடினாராம்.

நான் ஊஞ்சலாடவில்லை. அவர்கள் நின்றது அம்மியிலிருந்து இரண்டடியில். நான் நின்றது பத்தடியில். வண்டியை எழுப்பியது பத்தடியில் தொங்கிய எடை.