மாத்திரை அதே, வீடு வேறு

1. எலிகள்

புது அறைக்கு மாறிய முதல் நாள் காலையிலேயே இரண்டு எலிகள் செத்துப்போயின.

நான் அப்போது வில்லியனூர் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் ஆராய்ச்சி உதவியாளர். வலிக்குக் கொடுக்கும் மார்பின், நாளாக ஆக ஏன் வேலை செய்யாமல் போகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. இதை டாலரன்ஸ் என்போம். உடம்பு மருந்துக்குப் பழகிவிடுகிறது; அதே பலன் கிடைக்க டோஸை ஏற்ற வேண்டியிருக்கிறது.

பார்க்கும் முறை எளிது. ஹாட் பிளேட் என்று ஒரு சூட்டுத் தட்டு. எலியை அதில் விட்டு, பாதத்தைத் தூக்கி நக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்போம். கட்-ஆஃப் நேரம் ஒன்று உண்டு. அதற்குள் நக்காவிட்டாலும், பாதம் வெந்துவிடாமல் எடுத்துவிடுவோம். மார்பின் போட்ட முதல் நாள் எலி கட்-ஆஃப் வரை பேசாமல் நிற்கும். போகப் போக, அதே டோஸ் போட்டாலும் தட்டில் விட்டவுடனே நக்க ஆரம்பித்துவிடும்.

என் எலிகள் நன்றாகப் பழகியிருந்தன. அந்த நேரம் பார்த்து மழையில் அறையின் சீலிங் ஒழுகியது. வராந்தா கடைசியில் இருந்த வேறு அறைக்குக் கூண்டுகளை மாற்றினோம். அங்கே வழக்கமான டோஸைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எலிகள் விறைத்துப் படுத்தன. தட்டில் விட்டால் ஒன்றுகூடக் காலைத் தூக்கவில்லை. இரண்டு மூச்சு விடுவதை நிறுத்திவிட்டன.

துறைத் தலைவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். வந்து பார்த்தார்.

"டைல்யூஷன்ல, மருந்த நீர்க்கக் கலக்குறதுல தப்பு பண்ணியிருப்ப அமுதா. திரும்பப் பாரு."

"பாத்துட்டேன் சார். அதே மருந்துக் குப்பி, அதே கணக்கு."

அவர் நம்பவில்லை. எனக்கே சந்தேகம்தான். மறுநாள் மீதி எலிகளைப் பழைய அறைக்கே தூக்கிப் போனேன். ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு அதே மருந்தை, அதே அளவில் போட்டேன். எல்லாம் பழையபடி சட்டென்று பாதத்தை நக்கின.

ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது புதுசு இல்லம்மா. புஸ்தகத்துல இருக்கு. ஆனா நீ படிச்சிட்டுப் பாக்கல, பாத்துட்டுப் படிக்கப் போற. அது மறக்காது."

படித்தேன். மருந்து எப்போதும் ஒரே இடத்தில் வந்தால், அந்த இடத்தின் வாடை, சத்தம், வெளிச்சம் எல்லாவற்றையும் உடம்பு அடையாளம் வைத்துக்கொள்கிறது. அங்கே இருக்கும்போது, மருந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே எதிர்த்து நிற்கத் தயாராகிவிடுகிறது. இடம் மாறினால் அந்தத் தயாரிப்பு நடப்பதில்லை. பழகிய டோஸ் முழு பலத்தோடு இறங்குகிறது.

இவ்வளவும் எலியில் தெரிந்தது. மனிதர்களுக்கு எந்த அளவுக்கு இது பொருந்தும் என்ற கேள்வி அன்று மூளைக்குள் புகுந்தது. பஸ்ஸில் போனாலும் வீட்டில் அரிசி களைந்தாலும் அது என்னை விடவில்லை.

2. மஞ்சினி

வாரத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியின் வலி கிளினிக்குக்குப் போவேன். ஒப்புதல் கொடுத்த நோயாளிகளிடம் என்ன டோஸ், வலி எவ்வளவு என்று கேட்டுப் பதிவு செய்வது என் வேலை. நான் டாக்டர் இல்லை. கிளினிக்கை நடத்தியவர் டாக்டர் ரேவதி.

மஞ்சினி அங்கேதான் அறிமுகம். நல்லவாட்டில் மீன்பிடித் தொழில் செய்தவர். புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் பரவியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் மார்பின் மாத்திரை. மாதாமாதம் டோஸ் ஏறிக்கொண்டே வந்தது.

"வலி பத்துக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டால் சிரிப்பார்.

"பத்துன்னா இன்னா மேடம்? எனக்குக் காத்துதான் தெரியும். நேத்து தென்றல். இன்னிக்கி வாடைக்காத்து. படகு எறக்க முடியாது."

அவர் மனைவி அஞ்சாலாட்சி மீன் விற்பவர். எதையும் நேராகக் கேட்பார்.

"மாத்திரைய ஏத்திக்கினே போறீங்க. எங்க போயி நிக்கும் இது?"

டாக்டர் ரேவதி பொறுமையாகச் சொன்னார். "அம்மா, நோயும் ஏறுது, உடம்பும் மருந்துக்குப் பழகுது. அதுக்காக பயந்து நிறுத்திடாதீங்க. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நானும் ஒவ்வொரு வாரமும் அஞ்சாலாட்சியிடம் சொல்லி வந்தேன்.

3. தூக்கம்

அந்த வருஷ மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தது. கடலோரத்தில் இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்து உள்ளே போகத் தொடங்கினார்கள். கிளினிக் நாளில் வர முடியுமா என்று கேட்பதற்காகக் காலையில் அஞ்சாலாட்சிக்குப் போன் செய்தேன்.

"நாங்க பாகூருக்கு வந்துட்டோம் மேடம். பொண்ணு வூட்ல கீறோம். ஆனா ஒண்ணு சொல்லணும், நேத்து சாயங்காலத்துலேந்து அவருக்கு வலியே இல்ல. நல்லா தூங்கிகினே கீறாரு. எவ்ளோ நாளாச்சி இப்படித் தூங்கி."

அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"கொஞ்சம் எழுப்பிப் பாருங்க."

"இன்னாத்துக்கு மேடம்? தூங்கட்டும் வுடுங்க."

"கஞ்சி குடிச்சாரா?"

"எங்க குடிச்சாரு? மாத்திரைய மட்டும் தட்டி எழுப்பி முழுங்க வெச்சிடறேன். நீங்கதானே தவறக் கூடாதுன்னு சொன்னீங்க."

டாக்டர் ரேவதி ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். போன் எடுக்கவில்லை. செவிலியரிடம் விவரம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாக மழையில் போனேன். கரும்பு வயல்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ரோட்டில் தண்ணீர் நின்ற இடத்தில் வண்டி அணைந்து, தள்ளிக்கொண்டுபோய் மறுபடி கிளப்பினேன்.

மஞ்சினி முன்னறையில் கட்டிலில் கிடந்தார். மூச்சு வந்தது, ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பயப்படும் அளவுக்கு இடைவெளி. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தோளை உலுக்கினால் கண் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும்.

அஞ்சாலாட்சி கையில் தண்ணீர் டம்ளரோடும் அடுத்த வேளை மாத்திரையோடும் வந்தார்.

"இப்ப வேணாங்க" என்றேன்.

"டைமாச்சே. குடுக்கலன்னா எழுந்ததும் துடிப்பாரு. அந்தக் கத்தல நீங்க கேட்டதில்ல மேடம், நான் கேட்டுக் கீறேன்."

"மருந்து அதிகமாயிடுச்சு."

"அதே மாத்திரை. ஒண்ணுகூடக் கூட்டல. எண்ணிப் பாருங்க."

அவர் சொன்னது உண்மை. அவருக்கு என்ன பதில் சொல்வது? அறை மாறியதால் என் எலிகள் செத்தன என்றா? கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எங்கிருந்தோ வந்து புருஷனின் மருந்தைத் தடுக்கிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்?

போன் அடித்தது. டாக்டர் ரேவதி.

"எழுந்திரிக்கிறாரா?"

"உலுக்கினாத்தான் மேடம். மூச்சு ரொம்ப மெதுவா இருக்கு."

"அடுத்த டோஸ் வேணாம். நூத்தியெட்டைக் கூப்பிடு. ஒருக்களிச்சுப் படுக்க வை. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இரு. போனை அந்தம்மா கிட்ட குடு."

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அஞ்சாலாட்சி மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, "யோவ், கண்ணத் தொறய்யா" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நிறுத்தவில்லை.

4. எழுந்த பிறகு

கேஷுவாலிட்டியில் நலக்ஸோன் கொடுத்தார்கள். மார்பினை முறிக்கும் மருந்து அது. மொத்தமாகப் போட்டால் மூச்சு திரும்பும், கூடவே அடக்கி வைத்த வலி முழுதும் ஒரே நேரத்தில் திரும்பும். அதனால் டாக்டர் ரேவதி அதை நீர்க்கச் செய்து, துளித்துளியாக ஏற்றினார். ஏற்றுவார், மூச்சைப் பார்ப்பார், காத்திருப்பார். எனக்குச் சுவரோரம் நிற்பதைத் தவிர வேலை இல்லை.

மஞ்சினி கண்ணைத் திறந்தார். எல்லோரையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னாத்துக்கு எழுப்புனீங்க? எவ்ளோ நாளு கழிச்சித் தூங்குனேன்."

அஞ்சாலாட்சி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. இரண்டு நாள் அலைச்சலில் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காததால் இருக்கலாம். சிறுநீரகம் சோர்ந்தால் மார்பின் உடம்பில் தங்கிப்போகும். டாக்டர் ரேவதி தாளை என்னிடம் நீட்டினார்.

"இதான் காரணம். கிட்னி. உன் ரூம் கதை இல்ல."

மல்லுக்கு நின்றேன். சாரிடமும் போனேன். அவர், "ரெண்டும் இருக்கலாம். ஒரே ஒரு ஆளை வெச்சு எதையும் சொல்ல முடியாது. அதையும் எழுதாத, இதையும் எழுதாத" என்றார். அவர் சொன்னது சரி. எந்தக் கட்டுரையிலும் மஞ்சினி இல்லை.

புயல் ஓய்ந்ததும் அவர் நல்லவாட்டுக்கே திரும்பினார். ஆஸ்பத்திரியில் குறைத்துக் கொடுத்த டோஸ் அங்கே போதவில்லை. மெதுவாக ஏற்ற வேண்டியிருந்தது. அது வீட்டாலா, சிறுநீரகம் தேறியதாலா, நோய் முற்றியதாலா? மூன்றையும் பிரித்துப் பார்க்க எனக்கு அன்றும் வழி தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு கிளினிக் நாளில் அஞ்சாலாட்சி போன் செய்தார்.

"மேடம், நாத்தனார் வூட்ல காதுகுத்து. அவரும் வர்றேன்னு அடம் புடிக்கிறாரு. ரெண்டு நாளு தங்கணும். மாத்திரைய இன்னா பண்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் ரேவதி போனை வாங்கினார்.

"அம்மா, அங்க போனதும் மொத ரெண்டு வேளை பாதி குடுங்க. தண்ணி நல்லா குடிக்கட்டும். தூங்குனா எழுப்பிப் பாருங்க. சந்தேகம்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். நான் அவரையே பார்த்தேன்.

"கிட்னிக்காகத்தான்" என்றார்.

காதுகுத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்ததாக மஞ்சினி அடுத்த வாரம் சொன்னார். கோடை தொடங்கும்போது, தன் வீட்டில், மனைவி பக்கத்தில் இருக்க இறந்துபோனார்.

இப்போது என்னிடம் ஆய்வுக்கு வரும் பிள்ளைகள், நிரூபணம் ஆகாததை எப்படி நோயாளியிடம் சொல்வது என்று கேட்கிறார்கள். நிரூபணம் ஆகாததைச் சொல்ல வேண்டாம். ஆனால் கேட்கலாம். எங்கள் கிளினிக்கில் டோஸ் என்ன, வலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், இப்போது எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்கிறோம். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. வலியே இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறார் என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கிறோமே என்று கூச்சப்படாமல், எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.