வேட்டித் துணியின் எடை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், டொக்டர்மாரின் வேலையைப் பற்றி எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒரு காலை மறக்கவில்லை. யாருக்காவது சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. நான் வேலை செய்த ஆசுப்பத்திரியில் இரத்தம் உறிஞ்சும் இயந்திரம் ஓடாது. சத்திரசிகிச்சையில் போகும் இரத்தம் முழுவதும் துடைக்கும் துணியில்தான் ஏறும். அந்தத் துணிகளை நிறுத்துச் சொல்வது என் வேலை. மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் கணக்கைச் சுலபமாக்கித் தந்திருந்தார்: ஒரு கிராம் என்றால் ஒரு மில்லிலீற்றர் இரத்தம், துணிக்கென்று பத்துக் கிராமைக் கழித்துவிட வேண்டும்.

அன்று மேசையில் சண்டிலிப்பாயிலிருந்து வந்த ஓர் அக்கா. கர்ப்பப்பையில் பெரிய கட்டி. மெலிந்த உடம்பு. அவருடைய வகை இரத்தம் ஒரு போத்தல்கூடக் கிடைக்கவில்லை. மயக்க டொக்டர் நிறையையும் இரத்த அளவையும் வைத்துக் கணக்குப் பார்த்தார்.

"எண்ணூறு மில்லிலீற்றர் மட்டும் போனால் தாங்குவா. அதுக்கு மேலை போனால் பாதியிலை மூடிப்போட்டு வருவம்."

இன்னொரு முறை வயிற்றைத் திறந்தால் அந்த அக்கா பிழைக்கமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இருபத்தெட்டாவது துணியோடு எழுநூற்றெண்பது வந்துவிட்டது. சொன்னேன். வெட்டிக்கொண்டிருந்த பெரிய டொக்டரின் கை நின்றது.

"இவ்வளவு ஓடேல்லையே. உம்மடை தராசு புளி நிறுத்த தராசோ?"

அப்போதுதான் என் கையிலிருந்த துணியின் ஈரத்துக்குள் ஒரு பச்சைக் கரை தெரிந்தது. பஞ்சுத்துணி முடிந்துபோய், அந்தக் கிழமைதான் பழைய வேட்டிகளை வெட்டி, மடித்துத் தைத்து, அவித்து வைத்திருந்தோம். அதைக் காய்ந்தபடி நிறுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. இலக்கத்தைத் தவிர வேறொன்றும் அந்த அறையில் நான் பேசியதில்லை.

"பிழை என்ரை, டொக்டர். இது வேட்டித் துணி."

காய்ந்த துணியொன்றைத் தராசில் போட்டேன். பதினெட்டுக் கிராம்.

"துணிக்கு எட்டுக் கிராம் கூட. இருபத்தெட்டுத் துணி," என்று மயக்க டொக்டர் தொடங்க, "இருநூற்றிருபத்துநாலு," என்று நான் முந்திவிட்டேன்.

"ஓம். அப்ப போனது ஐந்நூற்றைம்பத்தாறுதான்."

"ஒவ்வொரு நாளும் வேட்டி கட்டுற எனக்கே தெரியேல்லை," என்றார் பெரிய டொக்டர். கை மறுபடி ஓடத் தொடங்கியது.

அதன்பிறகு ஒவ்வொரு துணிக்கும் என் குரல் ஏறிக்கொண்டே போனது. ஐந்நூற்றெண்பது. அறுநூறு. அறுநூற்றிருபது. கட்டி முழுதாக வெளியே வந்தபோது அறுநூற்றுநாற்பது.

மறுநாள் காலை அந்த அக்கா தேத்தண்ணி கேட்டார். வயிறு திறந்தவர்களுக்கு உடனே குடிக்கக் கொடுப்பதில்லை என்று தாதி கொடுக்கவில்லை.