ஆரோக்கியம் நலமாக இருக்கிறார். இறந்தவர் லில்லி புஷ்பம்

நண்பர்களே, ஒரு திருத்தம். ஆரோக்கியம் சாகவில்லை.

இறந்தவர் அவருடைய மனைவி லில்லி புஷ்பம். நம் 'விதைப் பொட்டலம்' பேஸ்புக் குழுவில் இத்தனை ஆண்டுகளாக ஆரோக்கியம் என்ற பெயரில் எழுதிவந்தவர் அந்த அம்மாள்தான்.

செவ்வாய்க்கிழமை அந்த அக்கவுண்டிலிருந்து அவர்களுடைய உறவுப் பெண் ஒரு வரி போட்டாள்: "இந்த ஐடியில் எழுதுபவர் இன்று காலை இறைவனடி சேர்ந்தார்." அவள் எழுதியதில் பிழையில்லை. மேலே இருந்த பெயரையும், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் மீசைக்காரர் படத்தையும் பார்த்துவிட்டு "அண்ணா, போய்ட்டீங்களே" என்று அழத் தொடங்கியவர்கள் நாம்.

நானும் "நல்ல மனிதர்" என்று எழுதினேன். எல்லோருக்கும் அப்படி எழுதுகிறவள் இல்லை நான்.

ஒடுகத்தூர் பாபு அதோடு நிற்கவில்லை. மீசைக்காரர் படத்தைப் பெரிதாக்கி, கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து, மறுநாளே மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நம் விதைகள் போய்வந்ததும் அதே பஸ்ஸில்தான். ஆரோக்கியம் அந்தத் தடத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயர் எழுதிய பொட்டலத்தை எந்தக் கண்டக்டரும் மறுத்ததில்லை.

பேனரைப் பிரித்துப் பார்த்தவர், நான் அனுப்பிய பொட்டலங்களில் இருந்த எண்ணைத் தேடியெடுத்து போன் செய்தார்.

"மேடம், ஆரோக்கியம் பேசுறேங்க."

இம்மாதிரி அழைப்புகளுக்கு எனக்குப் பழக்கமில்லை. "யாரு?" என்றேன்.

"ஆரோக்கியம்ங்க, மலையிலேர்ந்து. பேனர் வந்துச்சு. பிரிண்டு நல்லாத்தான் கீது... ஆனா செத்தது நான் இல்லீங்களே."

பிறகுதான் விஷயம் வெளிவந்தது. போன் அவர் பெயரில் வாங்கியது. அதனால் பேஸ்புக்கும் அவர் பெயரில். "நான் லைக்கு போட்டதோட சரிங்க. எழுதுறதெல்லாம் அவதான்."

"அந்தக் கிண்டலெல்லாம்?"

"அதுவும் அவதான். எனக்கு ஏதுங்க அந்த வாயி?"

வாய் எப்படிப்பட்டது என்பது பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். என் தோட்டத்துப் பீர்க்கங்காய் ஒருமுறை கசந்தது. ஏன் என்று குழுவில் கேட்டேன். "கசந்தா தூக்கிப் போடுங்க மேடம். வீட்டுக்காரருக்குக் குடுத்து டெஸ்ட் பண்ணாதீங்க" என்று பதில் வந்தது.

அவர் காலமாகி வெகுநாள் ஆயிற்று என்றேன்.

"அப்ப ஏற்கெனவே குடுத்துட்டீங்க போல."

குழுவே பதறிப்போய் என்னிடம் மன்னிப்புக் கேட்டது. கணவர் இறந்த பிறகு அவரைப் பற்றி யாரும் என்னோடு வேடிக்கையாகப் பேசியதில்லை. நான் சிரித்தேன் என்பதை இப்போது பதிவு செய்கிறேன்.

பாபு பட்ட பாடும் நினைவிருக்கும். முதல் காயைப் பறிக்காமல் விதைக்கு விடவேண்டும் என்பது அந்த அம்மாளின் நிபந்தனை. பாபுவோ அதைக் கூட்டு வைத்துப் படமும் போட்டார். "வெதையத் தின்னுட்டு இன்னொரு பொட்டலம் கேக்குறியா தம்பி? வயித்துல மொளைக்கிறவரைக்கும் காத்திரு" என்று எழுதி, ஒரு பருவம் முழுக்கக் காக்கவைத்தார்.

ஏன் கடைசிவரை சொல்லவில்லை என்று ஆரோக்கியத்திடம் கேட்டேன்.

"நானும் கேட்டேங்க. 'பொம்பளன்னு தெரிஞ்சா சாப்ட்டியா தூங்குனியான்னு இன்பாக்ஸ்ல வருவானுங்க. அண்ணான்னா வெதை மட்டும்தான் கேப்பாங்க'ன்னா."

அது ஒன்றுதான் காரணமா? எனக்குச் சந்தேகம். நம்மையெல்லாம் அண்ணா என்று கூப்பிட வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து சிரித்திருப்பாரோ? எனக்கு அனுப்பிய பதில்களையெல்லாம் நேற்று மறுபடி படித்தேன். விடை கிடைக்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.

ஆரோக்கியம் போன் செய்தது வேறொன்றுக்காக.

"ஞாயித்துக்கெழம கோயில்ல அவளுக்குப் பூசைங்க. வாசல்ல என் மூஞ்சியவா கட்டி வெக்கிறது? அவ போட்டோ ஒண்ணும் இல்லீங்க. கல்யாண போட்டோவக் கரையான் தின்னுட்ச்சி. ரேஷன் கார்டுல கீறது யாருன்னு எனக்கே தெரில. போன்ல எடம் இல்லன்னு எல்லாத்தையும் அவளே அழிச்சிட்டா."

அதற்கு வழியையும் அவரே சொன்னார்.

"குரூப்ல காயப் புடிச்சிக்கினு ஒரு கை வரும் பாருங்க மேடம்... அது அவ கைங்க. அதுல ஒண்ணு எடுத்துக் குடுங்க."

வளையல் கிடையாது. நகம் முழுக்க மண். மணிக்கட்டுக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு. பஸ் ஓட்டிய கை என்று நாம் முடிவு கட்டியிருந்த கை.

குழுவில் தேடினால் எங்கும் அதுதான். அவரைக்காயை ஏந்திய கை, ஓட்டை விழுந்த இலையைச் சுட்டும் கை, பரங்கிக்காயைத் தட்டும் கை. சுரைக்காயைக் காம்போடு தூக்கிப் பிடித்திருக்கும் ஒரு படத்தில் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. அதை அனுப்பி, "இதுதானே?" என்று கேட்டேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது.

"ஆமாங்க. அவதான்."

தழும்பு எப்படி வந்தது என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை. மறுபடியும் கேட்பேன்.

பாபு புதிய பேனர் அடிக்கிறார். கை, சுரைக்காய், கீழே 'லில்லி புஷ்பம்' என்று முழுப்பெயர். உங்கள் பெயரும் வேண்டுமென்றால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள். பட்டங்கள் வேண்டாம், இடம் போதாது.

'அண்ணா' என்று எழுதிய கமெண்டுகளை அழிக்காதீர்கள். அதன் கீழே அவர் பெயரைப் போட்டு இன்னொன்று எழுதுங்கள். பூசை முடிந்ததும் உறவுப் பெண் எல்லாவற்றையும் ஆரோக்கியத்துக்குப் படித்துக் காட்டுவாளாம்.

லில்லி, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுவே முதல் தடவை. போய் வாருங்கள், அம்மா.