சித்தப்பாவும் சித்தியும் வெளியே போன ஞாயிற்றுக்கிழமைகள்

ஸ்கூட்டரின் முன்பக்கத் தகரம் வயிற்றில் அதிர்ந்துகொண்டே வரும். சோமனூரில் ஏறி நின்றால் கோயமுத்தூரில் இறங்கும்வரை அந்த அதிர்வு நிற்காது; இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பல்லுக்குள் இருந்துகொண்டிருக்கும். கருமத்தம்பட்டி தாண்டியதும் கண்ணில் காற்று அடித்து நீர் வழியும், பெட்ரோல் வாசத்தோடு சித்தப்பாவின் சட்டையில் இருந்து பவுடர் வாசமும் வரும். எனக்கு அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்த இடம், அதாவது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒன்றரை அடி இடம், உலகத்தில் எனக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு எட்டுத் தறிகள். வீட்டை ஒட்டியே அவை ஓடுகிற கொட்டகை, "தறிகுடோன்". வாரம் முழுவதும் இரவும் பகலும் ஓடும் அந்தச் சத்தம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கும். சத்தம் நின்றதும் அப்பா சோறு தின்றுவிட்டுப் படுத்தார் என்றால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். அப்பாவின் தம்பியான சித்தப்பா தறிப் பக்கம் வராதவர். பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகும்வரை ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஸ்கூட்டரைத் துடைத்துவிட்டு, "ஏறு கண்ணு" என்பார். விமானம் இறங்குவதைப் பார்ப்போம், காந்திபுரத்தில் ரோஸ்மில்க் குடிப்போம், திரும்பி வருவோம். ஊரில் வேறெந்தப் பிள்ளைக்கும் இது கிடையாது என்பதைத் திங்கட்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் தெரியப்படுத்திவிடுவேன்.

கொடுமுடியில் இருந்து சித்தி வந்தது ஒரு தை மாதத்தில். பட்டப்படிப்பு படித்தவள், சன்னமான குரல், கைகொள்ளாத கண்ணாடி வளையல். கல்யாணம் முடிந்து இரண்டாவது வாரம் சித்தப்பா அம்மாவிடம் வந்து, "அண்ணி, ஒரு சினிமாவுக்குப் போயிட்டு வந்தர்றமுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் காரணம் இல்லாமல் சேர்ந்து வெளியே போவது அதுதான் முதல் தடவை. அம்மா சிறிது யோசித்துவிட்டு, "பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். எனக்கு அதில் வியப்பில்லை. நான் போகாமல் ஸ்கூட்டர் எப்படிப் போகும்?

முன்னால் நான் நின்றேன், பின்னால் சித்தி ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். நீலம்பூர் தாண்டும்போது அவளுடைய கை சித்தப்பாவின் வயிற்றைச் சுற்றி முன்னால் வந்து, அந்த வளையல்கள் என் முதுகில் குத்தத் தொடங்கின. நான் எவ்வளவு முன்னால் நகர்ந்தாலும் வளையலும் கூடவே நகர்ந்தது. வழக்கமாக என் காதருகே குனிந்து லாரிகளுக்கெல்லாம் பெயர் வைத்துச் சொல்லிக்கொண்டு வருகிற சித்தப்பா, அன்று பூராவும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பேசிக்கொண்டு வந்தார். சினிமாக் கொட்டகையில் நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்ததும் சித்தப்பா, "உனக்கு அங்க மறைக்குது கண்ணு, இக்கட்ட வா" என்று என்னை ஓரத்துக்கு மாற்றினார். என் முன்னால் இருந்த நாற்காலியில் ஆளே இல்லை. படம் முடிகிறவரை அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டலில் ஒரு நெய் ரோஸ்ட்டை இருவரும் பாதி பாதியாகப் பிய்த்துக்கொண்டார்கள். எனக்கு முழு ரோஸ்ட் தனியாக வந்தது. முழுசாகக் கிடைத்தும் ஒரு பிள்ளைக்கு வயிறு எரிய முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகும் பல ஞாயிறுகள் நான் கூடப் போனேன். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, எனக்குப் பால் ஆற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்பாள். எங்கே போனீர்கள், சித்தப்பா என்ன வாங்கிக் கொடுத்தார், "ரெண்டு பேரும் என்ன நாயம் பேசிட்டு வந்தாங்க". அவர்கள் பேசியதை நான் ஒன்று விடாமல் சொல்வேன். அம்மா வேறெதையோ கவனிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னாள்: "கண்ணாலம் ஆயிப் பத்து வருசம் ஆச்சு. நானும் உங்கப்பாவும் ஒட்டுக்காப் போனதுன்னா ஆஸ்பத்திரிக்கும் எழவு ஊட்டுக்கும்தான்." "ஒட்டுக்கா" என்றால் சேர்ந்து. அந்தச் சொல்லை அம்மா சொன்னபோது வெங்காயத்தின் பேரில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தலைசீவி, ரிப்பன் கட்டி, ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றேன். சித்தப்பா என் கன்னத்தைத் தட்டி, "இன்னைக்கு வேண்டாங் கண்ணு, அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்" என்றார். எனக்கு ஏமாற்றத்தில் "பொக்குனு" போய்விட்டது. அடுத்த வாரமும் அதேதான் சொன்னார். அதற்கடுத்த வாரம் நான் ரிப்பனே கட்டவில்லை. மாட்டுக்கொட்டாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, அவர்கள் என்னைத் தேடுவார்கள் என்று காத்திருந்தேன். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது சித்தி எனக்கென்று தேங்காய் பன் வாங்கி வந்திருந்தாள். அதை வாங்கி, அவள் பார்க்கும்படியாகவே கோழிக்குப் பிய்த்துப் போட்டேன். ஆனால் ஆடி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னால், "பாப்பா மொகமே சரியில்லீங்க, இன்னைக்கு அவளையும் கூட்டிட்டுப் போலாம்" என்று சித்தப்பாவிடம் சொன்னது அவள்தான். அவள் சொல்லி எனக்கு என் இடம் கிடைத்தது என்பதுதான் அதில் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று ரேஸ்கோர்ஸ் போனோம். பெரிய பெரிய மரங்கள், நடக்கிற மனிதர்கள். என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, கையில் கடலைப் பொட்டலம் கொடுத்து, "சித்த நேரம் இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு இருவரும் நடந்தார்கள். நான் பார்க்கும் தூரத்தில்தான் இருந்தார்கள். சித்தி ஏதோ சொல்ல, சித்தப்பா நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்னிடம் சிரித்ததெல்லாம் பிள்ளைக்காகச் சிரித்த சிரிப்பு என்று பட்டது. கடலை முழுவதையும் மண்ணில் கொட்டி, செருப்பால் தேய்த்தேன்.

திரும்பும்போது வழியில் ஒரு மாடிவீட்டைக் காட்டி சித்தி, "இந்த மாதிரி மாடி ஊடா இருந்தா காத்து நல்லா வருமுங்க" என்றாள். சித்தப்பா "ம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்கு அம்மா தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு என்ன நாயம் பேசுனாங்க?" என்று கேட்டாள். நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

"சித்தி தனியா ஊடு பாக்கச் சொன்னாங்க. உன்ற கூட இருக்க முடியலையாமா."

மாவுக்குள் இருந்த கை நின்றது. "நெசமாவா சொன்னா?"

"நெசமாத்தான்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நெடுநேரம். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அப்பா படுத்திருந்த அறைக்குப் போனாள்.

மறுநாள் காலை தறிகுடோனுக்குள் அப்பா தம்பியைக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர் அவர். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கத்தத் தொடங்கியதும் அந்தக் கத்தலே கோபத்தைக் கூட்டிவிட்டது. "ஏன்டா, இந்த ஊடு உம் பொண்டாட்டிக்குப் பத்தலையாமா?" என்றார். சித்தப்பா, "யாருங்ணா சொன்னது?" என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த அம்மா வாயே திறக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நான் நூல் மூட்டைகளின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

சித்தி அழுதுகொண்டே ஓடிவந்தாள். "நான் அப்படியொரு வார்த்தை சொல்லவே இல்லீங்க மாமா" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மூட்டைகளின் பின்னால் என்னைக் கண்டுபிடித்து, என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"பாப்பா, நேத்து நீயுந்தானே இருந்தே. நான் என்ன சொன்னேன்? நீயே சொல்லு கண்ணு."

சொல்லியிருக்கலாம். மாடிவீடு, காற்று, இரண்டே சொல். தொண்டைவரை வந்தது. அதற்குள் சித்தப்பா வந்து அவளுடைய தோளில் கை வைத்தார். அந்தக் கையைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாது" என்றேன்.

சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. புதிதாக யாரையோ பார்ப்பதுபோல ஒரு தடவை பார்த்துவிட்டு, சித்தியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். ஆவணி பிறந்ததும் பீளமேட்டில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது சித்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், என்னிடமும்.

என் கணக்கு முழுக்கத் தப்பிப்போயிருந்தது. சித்தி போய்விடுவாள், சித்தப்பா இருப்பார் என்றுதான் அந்த ஒன்பது வயதுக்குத் தோன்றியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. தறிச் சத்தம் நின்ற வீட்டில் அப்பா தூங்கினார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அப்படி மூன்றாவதோ நான்காவதோ வாரம், அம்மா மதியமே தலைக்குக் குளித்தாள். பெட்டியில் இருந்து தன் கல்யாணத்துக்கு எடுத்த கரும்பச்சைச் சேலையை எடுத்துக் கட்டி, பூ வைத்துக்கொண்டு, அப்பா படுத்திருந்த கட்டிலின் எதிரே முக்காலியில் வந்து அமர்ந்தாள். நான்கு மணிக்கு அப்பா கண் விழித்தார்.

"எங்கியாச்சும் போறியா?"

"எங்கியும் இல்லீங்க. பொட்டியிலயே கெடந்தா மடிப்பு நைஞ்சு போகுமேன்னு கட்டுனேன்."

"அதுஞ் செரிதான். காப்பி வெய்யி, மோட்டாரைக் கொஞ்சம் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போனார். அந்தச் சேலையோடேயே அம்மா அடுப்புப் பற்றவைத்தாள். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எதற்காகக் கட்டினாள் என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வருடங்கள் போயின. சித்தப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து மெல்லத் திரும்பியது; நோம்பி, பண்டிகைக்கு வந்தார்கள், மகன் பிறந்தான், காது குத்துக்கு நாங்கள் போனோம். நான் பத்தாம் வகுப்பு தேறியபோது கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தது சித்திதான். அவளிடம் இன்றுவரை நான் ஒன்றும் சொன்னதில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன், என் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், இருவரும் சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது.

"அம்மா, அன்னைக்குச் சித்தி அப்படிச் சொல்லவே இல்லை. நானாச் சொன்னது."

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"பின்ன ஏன் அப்பாகிட்டச் சொன்னே?"

சேலையின் ஓரத்தை நீவி நீவிச் சரி செய்தாள். "அவ எனக்கு ஒரு கெடுதலும் பண்ணுல கண்ணு. ஞாயித்துக்கெழமை ஆனாப் போதும், சிங்காரிச்சுட்டு எங்கிட்ட வந்து நிப்பா. ‘ஏனுங்கக்கா, இந்தப் பூ நல்லாருக்குதுங்களா’ம்பா. நல்லாருக்குது அம்மணி, நல்லாருக்குது அம்மணின்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சுப்போச்சு." அவ்வளவுதான். அடுத்த சேலையை எடுத்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சினிமாக் கொட்டகை இன்று இல்லை. இடித்து அங்கே நகைக்கடை வந்துவிட்டது. கருமத்தம்பட்டியில் இருந்து கோயமுத்தூர்வரை கண்ணில் நீர் வர வைக்கிற காற்றும் இல்லை, பாலங்களின் அடியிலும் கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளும் போகிறோம். எட்டுத் தறியையும் இரும்புக்கு எடைபோட்டுக் கொடுத்தாயிற்று. அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. அம்மா இப்போது கோயமுத்தூரில் என்னோடு இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் என் கணவரும் வெளியே போவோம். ஒரு படம், ஒரு ஓட்டல், சில நாட்கள் சும்மா காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். வாரத்தில் எங்களுக்கென்று இருப்பது அந்த மூன்று மணி நேரம்தான். கிளம்பும்போது, "நீயும் வாயேம்மா" என்று கூப்பிடுவேன். "நான் எதுக்கு, நீங்க ஒட்டுக்காப் போயிட்டு வாங்க" என்பாள், கதவுவரை வந்து நிற்பாள். இரண்டாவது முறை கூப்பிட்டால் அம்மா வந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். நான் ஒரு முறைதான் கூப்பிடுகிறேன்.