இறந்தவர் உங்களுக்கு என்ன முறை?

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வளைகுடா நாடொன்றில், ஒரு கட்டடக் கம்பனியின் ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரவெளியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். வீட்டில் அம்மா, மனைவி, மூன்று வயது மகள்.

ஊரில் போன் இல்லை. செங்கலடியில் இருந்த மனைவியின் தமையனுக்கு இரண்டு நாள் விடாமல் அடித்தேன். மூன்றாம் நாள் கிடைத்தார்.

"பாலம் உடைஞ்சு போய்க் கிடக்கு மச்சான். ஊருக்குள்ள போகேலாது. ஒருதரும் இன்னும் வரல்ல..." லைன் அறுந்தது.

என்னிடம் டிக்கெட் இருந்தது. சித்திரை வருசத்துக்குப் போவதற்காக, இருந்ததிலேயே மலிவானதை முன்கூட்டி வாங்கி வைத்திருந்தேன். திகதியை மாற்றினால் போதும் என்று நினைத்துக்கொண்டு விமான அலுவலகத்துக்குப் போனேன். அறையில் என்னோடு இருந்த காத்தான்குடிக்காரர், கம்பனி டிரைவர், தன் வாகனத்திலேயே கூட்டிப்போனார். அவருடைய வீட்டில் எல்லாரும் தப்பிவிட்ட செய்தி முதல் நாளே வந்திருந்தது. அதை என்னிடம் சொல்லவே அவர் கூச்சப்பட்டார்.

வரிசை நம்பர்த் துண்டு எடுத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"இது மாற்ற முடியாத டிக்கெட், சேர். மாற்றுவதென்றால் தண்டப்பணமும், இன்றைய விலைக்கு வித்தியாசமும் கட்ட வேண்டும்."

அவள் சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. ஊரைப் பற்றிச் சொன்னேன். அவளும் டிவியில் பார்த்திருந்தாள்.

"நெருங்கிய உறவினர் இறந்திருந்தால் இரண்டும் இல்லை. யார் இறந்தது?"

"தெரியாது."

"யாராவது இறந்திருக்கிறார்களா?"

"அதைப் பார்க்கத்தான் போக வேண்டும்."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தெரிந்த பிறகு வாருங்கள், சேர்" என்று ஒரு படிவத்தைத் தந்து, அதன் மேல் ஒரு உதவி நம்பரையும் எழுதினாள். வெளியே வந்து அதற்கு அடித்தேன். நெடுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒருவன் வந்து, கவுண்டருக்குப் போய்க் கேட்கச் சொன்னான்.

வாகனத்துக்குள் டிரைவர் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "தம்பி, ஆரையாவது ஒரு ஆள எழுதுங்க. போய்ச் சேர்ந்தாப் போதும்."

பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இறந்தவர் பயணிக்கு என்ன முறை என்று கேட்டிருந்தது. அம்மா என்று எழுத முடியுமா? மகளை எழுத முடியுமா? எழுதிவிட்டால் அப்படியே ஆகிவிடும் என்று பயம்.

"உங்கட அப்பா முந்தியே மௌத்தானவர்தானே?" என்றார் அவர்.

அப்பா எனக்குப் பத்து வயதாக இருந்தபோது காய்ச்சலில் போனவர். அவர் பெயரை எழுதினேன். கவுண்டரில் அந்தப் பெண் அதை வாசித்துவிட்டு, "உங்கள் தந்தைக்காக மிகவும் வருந்துகிறேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பொய்யென்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. முப்பது நாளுக்குள் மரண அத்தாட்சிப் பத்திரம் கொடுக்காவிட்டால் தண்டம் கட்டித்தான் திரும்பி வரலாம் என்று சொல்லி, மறுநாள் விமானத்தில் இடம் போட்டுத் தந்தாள்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வாழைச்சேனை. அங்கிருந்து லொறியில் பனிச்சங்கேணி வரை. உடைந்த பாலத்தடியில் தோணி. பிறகு நடை. வழியில் கண்ட எல்லாரிடமும் கேட்டேன். ஒருவர் கண்டேன் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். கடைசியில் உள்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மகளின் காலில் பெரிய கட்டு. நான் அம்மாவைக் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"மாமியக் காணல்ல. புள்ளயத் தூக்கி என்ர கையில தந்திட்டு, வாறன், நீ ஓடு எண்டா. திரும்பிப் பாக்கக்குள்ள தண்ணிதான்."

மூன்று கிழமை தேடினோம். உடல் கிடைக்கவில்லை. கிராம சேவகரிடம் பத்திரம் கேட்டேன். "உடல் இல்லாம இப்ப தரேலாது தம்பி. மேலிடத்திலிருந்து வரட்டும்" என்றார். அவர் வீட்டிலும் இரண்டு பேரைக் காணவில்லை. அவரோடு என்ன சண்டை பிடிக்க?

முப்பதாம் நாள் செங்கலடியில் ஒரு கொமினிகேஷன் கடையிலிருந்து விமானக் கம்பனியின் கொழும்பு அலுவலகத்துக்கு அடித்தேன். அம்மா போய்விட்டார், பத்திரம் கிடைக்கச் சுணங்கும், தவணை தாருங்கள் என்றேன்.

"எங்களிடம் தந்தை என்றுதான் இருக்கிறது. தாய் என்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், சேர். அதற்கும் பத்திரம் வேண்டும்."

மற்றப் பக்கத்தில் அவன் தட்டெழுதுவது கேட்டது. நான் ரிசீவரை வைத்தேன். மனைவி பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் விளங்கிக்கொண்டாள்.

"விடுங்க. போகாதீங்க" என்றாள்.

போகவில்லை. டிக்கெட் காலாவதியானது. செங்கலடியில் ஒரு இரும்புக் கடையில் சேர்ந்து, சனிக்கிழமைகளில் ஊருக்குப் போய் வந்தேன். இரண்டு வருடத்தில் வாகரைப் பக்கம் சண்டை மூண்டு, செல் குண்டுகள் விழத் தொடங்கியபோது, இந்த முறை நான் வீட்டில் நின்றேன். காட்டுப் பாதையால் இரண்டு நாள் நடந்தோம். மகளுக்கு அந்தக் கால் சரியாக ஊன்ற வராது. வழி முழுக்க நான்தான் தோளில் சுமந்தேன்.