சால்மனுக்குக் காவல் இருந்த அங்கிள்

போன நவம்பர்ல, சால்மன் மீன் முட்டை போடறத பாக்க கலிஃபோர்னியா சான் ரமோன்ல இருந்து டிரைவ் பண்ணி ஒரு ஆத்தோரம் போனேன். அங்க மங்கி குல்லா போட்ட ஒரு தமிழ் அங்கிள், கரைக்கு வந்தவங்க எல்லாரையும் உக்கார வெச்சுட்டு இருந்தாரு.

"உக்காருப்பா! நிழல் பட்டா ஓடிரும், முட்டை போடாது."

"வாலண்டியரா அங்கிள்?"

"இல்ல, சும்மா வாக்கிங் வந்தேன்."

"அப்போ மீனே சாப்பிட மாட்டீங்களோ?"ன்னு கலாய்ச்சேன்.

"ஞாயித்துக்கிழமை தவறாம சாப்பிடுவேன். அதுக்குன்னு பிரசவ வார்டுல வந்தா தொந்தரவு பண்ணுவாங்க? முட்டை போட்டதும் செத்துரும்பா இது."

அப்போ ஒரு நாய் தண்ணிக்குள்ள பாய வந்துச்சு. மனுஷன் பொத்துன்னு குறுக்க படுத்துட்டாரு! நாய் அவர் மூஞ்சிய நக்குச்சு.

"மீன் ஓடிருச்சா?"

"இல்ல அங்கிள், முட்டை போட இன்னும் குழி தோண்டுது."

"அப்பாடா"ன்னு கண்ண மூடிக்கிட்டாரு.

சாகப்போற மீனுக்கு எதுக்கு இவ்ளோ சீன்னு எனக்கு இன்னும் புரியல. ஆனா இருட்டுற வரைக்கும் நானும் அவர் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்.