கோம்பை கடித்த கதை

திருப்பாதிரிப்புலியூரில் இரும்புக் கடை, அதன் மேல் இரண்டு மாடி, நெல்லிக்குப்பம் ரோட்டில் செங்கல் சூளை, இரண்டு லாரி. எல்லாம் நான் ஒருத்தன் உண்டாக்கியது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மிச்ச எழுத்தையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து தினசரிப் பேப்பரில் கற்றுக்கொண்டேன். தானே புயலில் பக்கத்துக் கடைத் தகரமெல்லாம் பறந்தபோது என் கடையில் ஒரு ஆணிகூட அசையவில்லை.

இப்படிப்பட்ட என்னைக் காட்டித்தான் போன மாதம் ஒரு காதுகுத்துப் பந்தியில் அத்தை மகன் ஆரம்பித்தான். யாரோ ஒருத்தர் வீட்டுக்கு டாபர்மேன் வாங்கப்போவதாகச் சொன்னதுதான் சாக்கு.

"வாணாங்க. இவரு காலப் பாருங்க, அந்தத் தழும்ப. சின்ன வயசுல கோம்ப நாய் கடிச்சது. சில சாதி நாய்ங்க பொறப்பே அப்படி."

நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. சிதம்பரத்தில் வண்டிகேட் பக்கம் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். நெல் மண்டியில் வேலை. மண்டிக்குக் காவல் வேண்டுமென்று தெற்கேயிருந்து வந்த லாரியில் ஒரு கோம்பைக் குட்டியை வாங்கி வந்தார். பழக்கும் வரைக்கும் எங்கள் வீட்டில். செம்பட்டை நிறம், மூஞ்சி மட்டும் கரி பூசினாற்போல. அதற்குப் பேர் வைக்கவில்லை. கோம்பை என்றாலே தெரு பயந்தது, அப்புறம் பேர் எதற்கு?

ஆனால் அந்த நாய் கோழியைக் கண்டால் ஒதுங்கிப் போகும். மாமாவுக்கு அது பெரிய அவமானம். ரோஷம் வரட்டும் என்று சோற்றில் மிளகாய்த்தூள் கலந்தார். பகலெல்லாம் விறகு அறையில் இருட்டில் கட்டிப்போட்டார். காது மூடாமல் இருந்தால் சின்னச் சத்தத்துக்கும் விழித்துக் காவல் காக்கும் என்று சவரக்கத்தியால் இரண்டு காதையும் அறுத்தார். புண் ஆறும் வரை மஞ்சள் பூசியது நான்தான். பூசும்போது வலி தாங்காமல் நடுங்கும், பல்லைக் காட்டியதில்லை.

விறகு அறைக்குப் பின்னால் வேறொருவருடைய கொய்யாத் தோப்பு, தகர வேலி. "இன்னொரு வாட்டி வேலி தாண்டுன, தோல உரிச்சிடுவேன்" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். நான் தாண்டினேன். திரும்பும்போது துருப்பிடித்த தகரம் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. நேராக விறகு அறைக்குள் போய் ஒளிந்தேன். நாய் என் காலை நக்கிக்கொண்டிருந்தது. மாமா கதவைத் திறந்தபோது அதன் வாயெல்லாம் என் ரத்தம்.

"பாத்தியாக்கா, கோம்ப புத்தியக் காட்டிடுச்சு!"

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு, "கடிச்சிடுச்சாடா?" என்று கேட்டாள். அப்பா வாசலில் நின்றிருந்தார். நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் நல்லவர். "நாய அடிச்சுப்புடாதீங்க. பத்து நாள் கட்டிவெச்சுப் பாருங்க. அது நல்லா இருந்தா ஊசிய நிறுத்திடலாம்" என்றார். அதே மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு தெருநாய் பால்காரரைக் கடித்திருந்தது. அதைப் பத்து நாள் கட்டிவைத்துச் சோறு போட்டு அவிழ்த்துவிட்டார்கள். மாமாவிடம் அம்மா டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"அது தெருநாயிக்கா. கோம்பைக்கு இன்னா பத்து நாளு? ரத்த ருசி கண்டுச்சுன்னா வுடாது."

மண்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மாமா கயிற்றை எடுத்ததும் வெளியே கூட்டிப்போகிறார் என்று நினைத்து அது வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் போனது. நான் ஜன்னலில் இருந்தேன். முருங்கை மரத்தில் கட்டினார்கள். முதல் அடி உலக்கையால். அப்போதும் அது யாரையும் கடிக்கவில்லை; மாமாவின் கால் பக்கம் வந்து ஒண்டப் பார்த்தது. மூன்றாவது அடிக்கு நான் ஜன்னலை விட்டு இறங்கிவிட்டேன். சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.

நாலாம் நாள் ஊசி போடும் நர்சம்மா, "நாய் எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

"அடிச்சிட்டாங்க."

"அப்ப பதினாலும் போட்டே ஆவணும்."

தொப்புளைச் சுற்றிப் பதினாலு. ஒவ்வொன்றுக்கும் கத்தினேன். ஒரு நாளும் உண்மை வாயில் வரவில்லை. கடைசி ஊசி அன்று, வாங்கவேண்டியதை வாங்கியாயிற்று, இத்தோடு சரி என்று வீட்டுக்கு ஓடி வந்தேன்.

அந்த வீட்டில் என் பேச்சை யாரும் காதில் வாங்கமாட்டார்கள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒரே நாள், ஓர் உயிர் என் ஒரு வார்த்தையில் நின்றிருந்தது எனக்குத் தெரியவில்லை.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். சொந்தக்காரர்களே, அந்தக் கதையை இனிமேலும் சொல்வீர்கள், தெரியும். சொல்லும்போது என்னை விட்டுவிடாதீர்கள். கிழித்தது தகரம். அடித்தது மாமா. தலையாட்டியது நான். என் பங்கு எனக்கு வந்தாகவேண்டும்.